தாராளமாகச் சாப்பிடலாம்

ஒரு வார்த்தையை முதலில் போடுவதற்கும் மூன்றாவதாகப் போடுவதற்கும் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. என் மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரத்தோடு அது முடிந்தது.

அப்போது தொம்மலூரில், ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். டாக்டர்கள் நோயாளிக்குக் கொடுக்கும் தாள்களுக்கு டெம்ப்ளேட் தயாரிப்பது என் வேலை. மாறாத வாசகம் அப்படியே இருக்கும். ஆளுக்கு ஆள் மாறுகிற இடத்தில் ஒரு கட்டம். நிரப்பாத கட்டத்தில் மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். அவற்றை நிரப்பாமல் டாக்டரால் கையெழுத்துப் போட முடியாது. (நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது இதுக்குத்தான்.)

காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது. அங்கே வரும் பெரியவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். ஆகவே எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்கிற பத்தியச் சீட்டு தமிழிலும் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவர் கன்னடக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. எங்கள் டீமில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான்.

"அந்த நட்சத்திரம் மட்டும் வேண்டாம்பா. ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் அத்தனை தடவை அழுத்தி அழுத்தி என் விரலே போச்சு" என்றார்.

நட்சத்திரங்களைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று பதில்கள் கொண்ட பட்டியல் வைத்தேன். டாக்டர் தொடாமல் விட்டால் முதல் பதில் தானாக விழும். எதை முதலில் வைப்பது? இங்கேதான் என் வளர்ப்பு குறுக்கே வந்தது. கடைக்குக் கிளம்புகிறவரைக்கூட 'போறேன்' என்று சொல்ல விடாத வீடு எங்களுடையது. 'வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி வளர்ந்தவன் ஒரு பட்டியலைக் 'கூடாது' என்றா தொடங்குவேன்? முதல் பதில், 'தாராளமாகச் சாப்பிடலாம்'. அடுத்தது, 'அளவாகச் சாப்பிடலாம்'. கடைசியில், யார் கண்ணிலும் படாமல், 'சாப்பிடவே கூடாது'. சோதித்துப் பார்த்த சக ஊழியர் எழுத்து எதுவும் உடையவில்லை என்று சான்றளித்தார். (அவருக்கும் தமிழ் தெரியாது.)

அடுத்த வாரமே என் மாமனார் தலை சுற்றி விழுந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பெயர் ஆரோக்கியசாமி. பிரஷர் நூற்றெண்பது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது தமிழ்ச் சீட்டு அச்சாகி வந்தது. நான் அதைப் படிக்கவில்லை, பார்த்துப் பெருமைப்பட்டேன். "அத்தை, இந்தப் பேப்பர் நான் செஞ்சது" என்றேன். கல்யாணமாகி ஆறு மாதமாக, மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ஏதோ டைப் அடிக்கிறார் என்று மட்டும் அறிந்திருந்த என் மாமியார், முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நானும் என் மனைவி ஷீலாவும் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். மாமா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தட்டில் சோற்றைச் சுற்றிக் கருவாட்டு வறுவல், எலுமிச்சை ஊறுகாய், நாலு அப்பளம். பரிமாறிக்கொண்டிருந்தது சாட்சாத் அத்தை.

"என்ன அத்தை இது?"

"நான் என்ன பண்றது மாப்பிள்ளை? ஊறுகா பாட்டில பீரோவுல வச்சிப் பூட்டுனேன். பேப்பரக் காட்டித் தொறக்க வச்சிட்டாரு. நீங்க செஞ்ச பேப்பராச்சே, தப்பா இருக்குமா?"

மாமா ஃபிரிட்ஜைக் காட்டினார். கதவில் சீட்டு ஒட்டியிருந்தது. உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு: தாராளமாகச் சாப்பிடலாம்.

"சும்னே, வெறுமனே சாப்பிடலாம்னு போடல மாப்பிள்ளை. தாராளமான்னு போட்டிருக்கு. மூணு நாளா டாக்டர் சொன்னபடிதான் நடக்கறேன்."

உண்மையைச் சொன்னால் ஆறு மாதத்தில் கிடைத்த ஒரே மரியாதை போகும். சொல்லாவிட்டால் மாமாவே போய்விடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் யோசித்தேன். அவர் ஒரு முழு அப்பளத்தைத் தின்று முடிக்கும்வரை யோசித்தேன்.

பிறகு எட்டி அவர் தட்டை என் பக்கம் இழுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாமனாரின் தட்டை மாப்பிள்ளை பிடுங்குவது எந்த ஊர் வழக்கம்? ஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மட்டும் பதறவில்லை.

"பசி போல. அவருக்கும் ரெண்டு துண்டு வைம்மா."

"ஐயோ, இல்ல மாமா. அது தப்பு. கூடாதுன்னு வரணும். நான்தான்... முதல்ல நல்ல வார்த்தையா இருக்கட்டுமேன்னு..."

"அப்ப இது டாக்டர் எழுதலயா?" என்றார் அத்தை.

"டாக்டர் தொடல அத்தை. தொடாம விட்டா நான் வச்சது வரும்."

அத்தை கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. வீட்டு மெஷினில் பிரஷர் பார்த்தோம். நூற்றுத் தொண்ணூறு. ஆட்டோ பிடித்தோம்.

டாக்டரம்மா ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார். அந்தச் சீட்டு போயிருந்த இன்னும் மூன்று வீடுகளுக்கு நர்ஸ் போன் போட்டுச் சொன்னார். இரண்டு பேர், யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று முதலிலேயே தூக்கிப் போட்டிருந்தார்கள். மூன்றாமவர், இப்போதுதான் மாங்காய் நறுக்கி உப்பில் போட்டேன், நேற்றே சொல்லக் கூடாதா என்று நர்ஸோடு சண்டைக்குப் போனாராம். நட்சத்திரங்கள் திரும்பி வந்தன. இம்முறை டாக்டரம்மாவே கேட்டு வாங்கினார்.

'சாப்பிடவே கூடாது' என்று சரியாக அச்சான சீட்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இது செட் ஆவாது மாப்பிள்ளை. நான் பழைய ஏற்பாட்டு ஆளு."

இன்றும் அந்த ஃபிரிட்ஜில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அத்தை சமைப்பது புதிய ஏற்பாட்டின்படி. மாமா வசனம் சொல்வது பழையதிலிருந்து. பிரஷர் நூற்று முப்பதைத் தாண்டுவதில்லை. நான்தான் இன்னும் தேறவில்லை. அந்த வீட்டில் ரயில் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அத்தை சட்டென்று கை நீட்டி வாங்குவதில்லை. புடவைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார்:

"மாப்பிள்ளை, இது எந்த ஏற்பாடு?"