பாய்லருக்கு விடை கொடுக்குமுன்

அடித்தளத்தில் கேஸ் மீட்டர் இன்றைக்கும் ஏறித்தான் இருந்தது. ஆய்வுக்கூடக் கட்டடத்தின் பராமரிப்பு இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் ஏறித்தான் இருந்தது.

குளிருக்கு அறைகளைச் சூடாக்கும் பழைய கேஸ் பாய்லரைத் தூக்கிவிட்டு மின்சார மெஷினுக்கு மாறப் போகிறார்கள். "முதல்ல வீணாப் போற சூட்டை நிறுத்துவோம் சார். அப்புறம் சின்ன மெஷினே போதும்" என்று டைரக்டரிடம் மார்தட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கேஸ் செலவு இறங்காவிட்டால் பெரிய மெஷினுக்கு ஆர்டர் போய்விடும். அவருடைய திட்டம் குப்பைக்குப் போய்விடும்.

அவரா அசருவார்? ரசாயனப் புகையை உறிஞ்சும் பெட்டிகள்தான் முதல் எதிரி. அவற்றின் கதவைத் திறந்து போட்டால் அறையின் சூடான காற்றையெல்லாம் இழுத்துக் கூரைக்கு மேலே கொட்டிவிடும். திறந்திருந்தால் அலறுகிற மணி ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் மாட்டினார்.

"என்னங்க, காது கிழியுது" என்றாள் மனைவி. அங்கே தலைமை வேதியியலாளர் அவள்தான். "பாதிப் பேர் தலைவலின்னு எழுந்து போயிட்டாங்க."

"பழகிடும்மா."

மீட்டர் முன்னைவிட வேகமாக ஏறியது. அறைகளின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தார்.

"விரலெல்லாம் விறைச்சுப் போகுது. சூடா ஏதாவது குடிச்சாத்தான் ஆச்சுன்னு மிச்சப் பேரும் எறங்கிப் போயிட்டாங்க."

"நல்லதாப் போச்சு!" என்று குதித்தார் இன்ஜினியர். ஆளில்லாத அறையில் சூடு தானாகக் குறையும்படி சென்சார் வைத்தார். திரும்பி வந்தவர்கள் வாசலிலேயே நடுங்கிவிட்டு வந்த வழியே போனார்கள். மீட்டர் பம்பரமாய்ச் சுற்றியது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. டைரக்டர் முன்னாடி மானம் போகப் போகுது" என்றாள் மனைவி.

அவர் நோட்டை எடுத்து இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தார். "என் கணக்கு தப்பாது" என்றார்.

மறுநாள் டைரக்டர் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். மீட்டரைப் பார்த்தார். இன்ஜினியரைப் பார்த்தார்.

"இதுதான் உங்க சிக்கனமா?"

"சார், கணக்குல தப்பே இல்ல."

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?" என்று கேட்டபடி, பெரிய மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கப் போனை எடுத்தார் டைரக்டர்.

படியில் தடதடவென்று யாரோ இறங்கி வந்தார்கள். தரைத்தளத்தில் கேன்டீன் நடத்துகிறவர். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கையில் கரண்டி.

"சார், எங்க கேன்டீன் மீட்டரை எதுக்கு ரெண்டு பேரும் இப்படி முறைக்கிறீங்க? உங்க ஆளுங்க மொத்தமா வந்து உக்காந்ததுலேர்ந்து எங்களால அடுப்பை அணைக்கவே முடியல!"