தோத்தாங்கோளி நின்ற தேர்தல்

வாதத்தில் தோற்றுப்போனால் குதூகலிக்கிற மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் சின்ன காஞ்சிபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் தோத்தாங்கோளி. கோலி விளையாட்டில் தோற்றவனைப் பிள்ளைகள் கேலி செய்யும் அந்தச் சொல்லை, கவர்னர் கையால் வாங்கிய பட்டம் மாதிரி சுமந்தார்.

யார் வாதத்துக்கு வந்தாலும் முதலில் ஒன்று கேட்பார்:

"எதைக் காட்டினா நீ உன் பேச்ச மாத்திக்குவ?"

"எதைக் காட்னாலும் மாட்டேன்" என்றால் போச்சு. "அப்ப எதுக்குபா ரெண்டு பேரும் கத்திக்கினு? இந்தா, டயருக்காவது காத்தடி" என்று பம்பை நீட்டிவிடுவார்.

அவர் சொன்னது தப்பு என்று காட்டியவருக்கு உடனே எதிர்க்கடையில் டீ. இதனால் தெருவில் பாதிப்பேர் டீக்காகவே அறிவாளி ஆனார்கள். கழுதை நீந்தாது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஒருவன் கழுதையை ஓட்டிப்போய் ஏரியில் இறக்கினான். அது நீந்தியது. அவனுக்கு டீ, கழுதைக்கு பன்.

இப்பேர்ப்பட்டவர் வார்டு தேர்தலில் நின்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் நோட்டீஸ் எழுதும் பொறுப்பு எனக்கு. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. தெருவுக்கு வரப்போவது ஒரே ஒரு தண்ணீர்ப் பைப்பு. அதை நடுத்தெருவில் வைப்போம் என்பது எங்கள் வாக்குறுதி. நடுத்தெரு என்றால் எங்கள் வாசல். அடுத்த தெருக் கிணற்றுக்குக் குடமும் இடுப்புமாக நடக்கிற அம்மாவுக்கு அதோடு விடுதலை.

எதிர்த்து நின்றவர் ஜரிகைக் கடைக்காரர். கடைசிக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் மைக்கில் முழங்கினார்: "பைப்ப தெருமுனையில வெப்பேன்! நடுவுல வெச்சா பாவு நாசமாப் பூடும்!"

விடிந்ததும் நெசவாளர்கள் பாவை, அதாவது தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூலை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசி உலர்த்துவார்கள். அதில் தண்ணீர் தெறித்தால் அன்றைய உழைப்பு வீண்.

நான் பதிலுக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். தோத்தாங்கோளியோ தாடையைச் சொறிந்தார். "அவரு சொல்றது நெசமா இருந்துட்டா? வெச்சே பாத்துடுவோம்பா."

மறுநாள் விடியற்காலை எங்கள் வாசலில் ஒரு மூங்கிலை நட்டு, "இதான் பைப்பு. நெறகுடத்தோட வந்து வரிசைல நின்னுட்டுப் போங்கம்மா" என்றார். பக்கத்திலேயே பாவு நீண்டு கிடந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். வரிசை பத்தடி நீளுமுன் சிரிப்பு நின்றது.

"நான்தான்டி மொதல்ல வந்தேன்!"

"உன் கொடத்த ராத்திரியே வெச்சிட்டுப் போனியாக்கும்?"

"ஏம்மா, அது வெறும் மூங்கிலும்மா!" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. சண்டையில் முன்னணியில் நின்றது என் அம்மா. பாவின் மேல் கவிழ்ந்ததும் அம்மாவின் குடம்தான். பாவுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தோத்தாங்கோளி அவரைத் தூக்கிவிட்டு, "நஷ்டம் என்னுதுபா" என்றார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

எனக்கு விபரீதம் புரிந்துவிட்டது. "அண்ணே, ஓட்டு முடிஞ்சப்புறம் மாத்திக்கலாமே!"

"இப்பவே தெரிஞ்சிப்போச்சேபா."

அன்று மாலை எங்கள் மேடையில், எங்கள் மைக்கில் சொன்னார்: "பைப்பு முனையிலதான் வரணும். நான் சொன்னது தப்பு. என் ஓட்டும் அவருக்குத்தான்."

ஜரிகைக் கடைக்காரர் ஓடி வந்தார். "இதுல இன்னா சூழ்ச்சி இருக்குதுபா?" என்று என் சட்டையைப் பிடித்தார். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயித்த அவருக்கு மாலைக்கு முன்னால் வந்தது தோத்தாங்கோளியின் டீ.

பைப்பும் முனையில் வந்தது. முதல்நாள் தண்ணீர் பிடித்து வந்த அம்மா, சைக்கிள் கடை எதிரில் குடத்தை நங்கென்று வைத்தாள்.

"பாவு பொழைச்சிச்சு, சரி. என் இடுப்புக்கு இன்னா பதில் வெச்சிருக்க?"

அவர் பம்பைக் கீழே வைத்தார். "பதில் இல்லக்கா. தோத்துட்டேன்."

"உன் டீ எனக்கு வேணாம்" என்று அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் சைக்கிள் மணி. கேரியரின் இரு பக்கமும் கயிற்றில் கட்டிய இரண்டு நிறைகுடங்கள். வழியெல்லாம் நனைந்துவிட்ட வேட்டியோடு தோத்தாங்கோளி.

அன்றிலிருந்து இன்றுவரை அந்த மணி தப்பியதில்லை. அது கேட்டதும் அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறாள், அவருக்கு டீ போட.