கதவு எண் பதினான்கு

பசித்தவனுக்குச் சோறு போடுவதையும் வீடற்றவனுக்குக் கூரை போடுவதையும் கைகால் உள்ள எவனும் செய்துவிடலாம். கொடுத்தவனின் விலாசத்தைப் பிழையில்லாமல் காப்பாற்றுவது மகான்களின் வேலை. அந்த மகான்களில் நானும் ஒருவன். ஏழைகளுக்குக் கூரை வழங்கும் அறக்கட்டளை ஒன்றில், "முகவரித் தூய்மைப் பிரிவு" உதவியாளன்.

எங்கள் நன்கொடையாளர்கள் எல்லோரும் கணினியில் குடியிருக்கிறார்கள். அந்தக் கணினி அறைக்கு மட்டும் ஏசி உண்டு. கூரைத் தகரங்கள் பின்புறம் வெயிலில் கிடக்கும். தகரத்துக்கு என்ன, விலாசம்தானே வாடிப்போகும்? அறைக்கதவைக் கரையான் தின்றுவிட்டது. புதுக் கதவுக்கான கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. அதுவரை குளிர்ச்சி தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையும் சேவைக் கணக்கில் எழுதினோம்.

மேலாளர் அடிக்கடி சொல்வார்: "கூரை இன்னைக்கு இல்லன்னா நாளைக்குப் போட்டுக்கலாம். அட்ரஸ் தப்பாப் போச்சுன்னா நாமளே அட்ரஸ் இல்லாமப் போயிடுவோம்."

ஒரே ஒரு விலாசம் எங்களை வாட்டியது. மூட்டை தூக்கும் ஒருவர், எங்கோ தீப்பிடித்தபோது அரைநாள் கூலியை எங்களிடம் கொடுத்திருந்தார். நாங்கள் அனுப்பிய நன்றிக் கடிதமெல்லாம் "தெருவே இல்லை" என்ற தபால்காரர் குறிப்போடு திரும்பி வந்தது. சாலையை அகலப்படுத்தியவர்கள் தெருவை முழுங்கியிருந்தார்கள். மேலாளருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அந்த மூட்டைக்காரரே மனைவியோடு வந்து நின்றார். மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எங்கய்யா போனீங்க? உங்களைத் தேடாத இடமில்ல."

"வீட்ட இடிச்சுட்டாங்க சார். பாலத்துக்கு அடியில கிடக்கிறோம். மக புள்ள பெத்திருக்கா, பச்ச உடம்பு. பாலம் வேற ஒழுகுது. மழைக்கு முன்னாடி ரெண்டு தகரம் குடுத்தீங்கன்னா..."

"அது இருக்கட்டும். பாலத்துக்கு அடியில எங்க?"

"மூணாவது தூண்."

நான் தட்டினேன். கணினி ஏற்கவில்லை. கதவு எண் இல்லாத விலாசத்தை அது மனுஷ விலாசமாக மதிப்பதில்லை.

"கதவு நம்பர் சொல்லுங்க" என்றேன்.

"வீடே இல்லங்கறேன் தம்பி."

"வீட்டக் கேக்கலண்ணே. கதவக் கேக்கறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "கதவு இருக்கு. இடிக்கும்போது கழட்டித் தூக்கிட்டு வந்துட்டேன். புள்ளைக்கு மறைப்பா தூணோரம் சாத்தி வெச்சிருக்கு. பதினாலு."

"பொண்டாட்டிய விட்டுட்டாரு, கதவத் தூக்கினாரு" என்றாள் மனைவி.

"ஆக, கதவு நம்பர் மாறல. வீடு மட்டும்தான் மாறியிருக்கு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்ட மேலாளர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

"தகரம் சார்" என்றார் மூட்டைக்காரர்.

"கொடுக்கறவங்க பட்டியல்ல இருக்கறவங்க வாங்கறவங்க பட்டியல்ல வரக்கூடாதுய்யா. இரட்டைப் பதிவாயிடும்."

"அப்போ அதுல இருந்து என் பேர எடுத்துடுங்க."

"இவ்வளவு சுத்தமான அட்ரஸையா?" மேலாளர் கணினியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்குக் குடுத்தது தப்பாய்யா?" என்றாள் மனைவி.

"தப்பில்லம்மா, நன்கொடை" என்று தெளிவுபடுத்தினேன்.

அடுத்த கடிதம் பிசகாமல் மூன்றாவது தூணுக்குப் போனது. நாலு பக்கமும் திறந்த வெளி. ஆனாலும் தபால்காரர் முறைப்படி கதவைத் தட்டித்தான் கொடுத்தாராம். உள்ளே நாங்கள் உருக்கமாக எழுதியிருந்தோம்: "மழை வருகிறது. கூரையில்லாதவர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்."

கடிதத்தோடு இருவரும் மறுபடி வந்தார்கள். இந்த முறை மூட்டைக்காரர் முதுகில் கதவு இருந்தது.

"நினைச்சுப் பாத்தோம் சார்" என்று அதை இறக்கினார். "தேக்குக் கதவு. மேல ஒழுகும்போது பக்கத்துல கதவ வெச்சு என்ன பண்ண? இத எடுத்துக்கிட்டு ரெண்டு தகரம் குடுங்க."

"இங்க கொடுக்கல் வாங்கல் கிடையாது" என்றார் மேலாளர். "உங்க பக்கம் கொடுக்கல் மட்டும்தான்."

மூட்டைக்காரர் கதவைத் திரும்பத் தூக்கக் குனிந்தார். மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

"போட்டுட்டு வாய்யா. அட்ரஸ் அட்ரஸ்னு உயிர எடுத்தாங்கல்ல? அட்ரஸையே வெச்சுக்கட்டும்."

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேலாளர் நெகிழ்ந்துபோய், "பொருள் நன்கொடை: கதவு ஒன்று" என்று நன்றிக் கடிதம் அனுப்பச் சொன்னார். அது ஊறிப்போய்த் திரும்பி வந்தது. தபால்காரர் எழுதியிருந்தார்: "இங்கே கதவு இல்லை. ஆட்களும் இல்லை."

"பாத்தியா? இடம் மாறினா ஒரு வார்த்த சொல்லணும்னு தோணுதா? பொறுப்பத்த ஜனம்" என்று மேலாளர் நொந்துகொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? விலாசத்தை அன்றே திருத்திவிட்டேன். கதவு எண் பதினான்கு, கணினி அறை, எங்கள் அலுவலகம். கதவு அந்த அறைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியிருக்கிறது. அவருக்கு அனுப்பும் கடிதம் இப்போது ஒன்றுகூடத் திரும்புவதில்லை. நானே கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வெளியே இன்னும் மழை விடவில்லை. விலாசங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. பச்சைப்பிள்ளைக்கு மறைப்பாக நின்ற கதவல்லவா, கெட்டியாகச் சாத்துகிறது.