ஷிப்டைப் பார்த்துவரப் போனோம்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
சனிக்கிழமை

அன்புள்ள மச்சான் பிராங்கிளின் அவர்களுக்கு,

தங்கள் தங்கை சகாயசெல்வியைக் கட்டிக்கொண்ட ராயப்பராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் எல்லாரும் நலம் என்று தொடங்குவதே முறையாதலால், நலம். உண்மை நிலவரம் கீழே வருகிறது. அவ்விடத்து நலத்துக்குத் தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் வீட்டுக்கு யோசனை எழுதி அனுப்பும் அளவுக்கு ஓய்வு இருக்கிறவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

நர்ஸ் படிப்பு முடித்த என் மகள், உங்கள் மருமகள் வினோலியாவுக்கு இரண்டு இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்ததை எழுதியிருந்தேன். ஒன்று, பேகம்பூர் பக்கத்தில் டாக்டர் ஈஸ்வரன் நடத்தும் நர்சிங் ஹோம். பன்னிரண்டு மணி நேர டூட்டி. ஒரு மாதம் பகல், ஒரு மாதம் இரவு. இன்னொன்று, வேடசந்தூர் போகும் வழியில் ஒரு நூற்பாலையின் வைத்திய அறை. எட்டு மணி நேரம். மூன்று ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போகும். ரயில்வேயில் ஷிப்டு பார்த்தே தலை நரைத்தவர் ஆயிற்றே, எது உடம்புக்குத் தாங்கும் என்று சொல்வீர்கள் என நம்பி எழுதினேன். நீங்களோ, "பெண்ணைக் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பதில்லையா? அதுபோல நாலு பேர் நேரில் போய் வேலையைப் பார்த்துவாருங்கள்" என்று எழுதினீர்கள். உங்கள் தங்கை அதை நற்செய்தி வாசகம்போல எழுந்து நின்று கேட்டாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம் இரு குடும்பத்திலும் கிடையாது. ஆகவே, நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். நர்ஸ் வேலை என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆளை வீட்டில் விட்டோம். "நானும் வாரேனேம்மா" என்று அவள் கேட்கத்தான் செய்தாள். "ஒன்னையப் பத்திப் பேசப்போற எடத்துல ஒனக்கு என்னடி வேல?" என்று உங்கள் தங்கை அடக்கிவிட்டாள். இருபத்தெட்டு ஆண்டுகள் சரித்திரப் பாடம் நடத்தியவன் நான். உடன்படிக்கைகள் எல்லாம் இப்படித்தான் கையெழுத்தாயின என்பதால் எனக்கு வியப்பில்லை.

நேற்றுக் காலை பக்கத்து வீட்டு வெங்காய வியாபாரி காமராஜின் வேனில் போனோம். வேன் கொடுத்தவர் என்ற முறையில் நாலாவது ஆளாக அவரும் வந்தார். உங்கள் சின்னத் தங்கை ரூபி பட்டுச்சேலை கட்டி வந்தாள். கையில் ஆப்பிளும் லட்டும் வைத்த தட்டு. நர்சிங் ஹோம் வாசலில் இருந்த காவலாளி சடையாண்டி எங்களை மேலும் கீழும் பார்த்து, "எந்த ரூமு?" என்றான். "ரூமெல்லாம் இல்லப்பா, எடத்தப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றாள் உங்கள் தங்கை. "பாத்து என்னாத்தா செய்யப்போற, எல்லாக் கட்டிலும் ஒண்ணுதான். மொதல்ல டோக்கன் போடு" என்று சொல்லி ரூபியின் கையில் டோக்கனைத் திணித்துவிட்டான். டோக்கன் வாங்கியவர் நோயாளி என்பது அந்த இடத்துச் சட்டம். மாடிப்படி ஏறியதில் ரூபிக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் வந்த காரியத்தை நான் முறையாக எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் ஈஸ்வரன் அவள் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, உதட்டைப் பிதுக்கி, "பிரஷர் ஏகத்துக்கு இருக்கே, படுக்க வையுங்க" என்று சொல்லிவிட்டார். பட்டுச்சேலையோடு படுக்க வைத்து ஒரு பாட்டில் ஏற்றினார்கள். பெண் கேட்டு வந்தவர்களைக்கூட இவ்வளவு விரைவாக உறவாக்கிக்கொண்ட வீட்டை நான் பார்த்ததில்லை.

பாட்டில் ஏற்றியது மெஹராஜ் என்ற ஒரு பெண். மூன்று மாடிக்கும் அவள் ஒருத்திதான் ஓடிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழம். ரூபி படுத்த வாக்கில் விசாரணையைத் தொடங்கினாள்.

"ஏம்மா, ஒனக்கு எப்ப டூட்டி முடியும்?"

"மாத்திவிட ஆளு வந்தா முடியும்க்கா."

"எப்ப வருவாக?"

"நேத்து வரணும்."

இதை நான் டாக்டரிடம் பணிவாகக் கேட்டேன். அவர் சிறிதும் கூச்சப்படவில்லை. "இங்க பன்னெண்டு மணி நேரம்னா கரெக்டா பன்னெண்டு மணி நேரம்தான் சார். அதுக்கு மேல பாக்கறது சேவை" என்றார். கடிகாரம் முடியும் இடத்தில் சேவை தொடங்குகிறது என்ற இந்தத் தத்துவத்தைச் சொல்லிவிட்டு, அவர் சாப்பாட்டுக்கும் மதியத் தூக்கத்துக்கும் காரில் வீட்டுக்குப் போனார். சேவை செய்யும் பாக்கியம் அவருக்கு அருளப்படவில்லை போலும்.

பாட்டில் தீர்ந்ததும் ரூபியை எழுப்பிக்கொண்டு வேடசந்தூர்ப் பக்கம் போனோம். நம் நல்ல காலம், அன்று ஆலையில் ஆள் எடுக்கும் நாள். வாசலில் வரிசை நின்றது. வரிசையைக் கண்டால் அதில் போய் நிற்பது ரேஷன் கடையில் பழகிய உங்கள் தங்கையின் இயல்பு. அங்கிருந்த அதிகாரி வயது கேட்டார். இவள் எதற்கென்று கேட்காமலே பத்து வயதைக் குறைத்துச் சொன்னாள். "நைட் ஷிப்டு ஒத்துக்குவீங்களா?" என்றதற்கு, "எங்க வீட்ல அதைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றாள். நான் போய் மீட்டிராவிட்டால் இந்நேரம் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். பிறகு விஷயத்தைச் சொன்னேன். "மூணு ஷிப்டுங்க. வாரம் ஒருக்கா மாறுமுங்க. வெளிச்சமான ரூமுங்க" என்றார் அந்த மனிதர். நர்சுகள் எத்தனை பேர் என்றேன்.

"ஒருத்தருங்க."

"மூன்று ஷிப்டுக்கும் ஒருத்தரா?"

"மில்லுக்குத்தானுங்க மூணு ஷிப்டு. நர்சுக்கு ஒண்ணுதான். அவங்க எந்த ஷிப்டோ, அந்த நேரத்துல அடிபட்டாப் பிரச்சனையில்லீங்க."

இந்த ஏற்பாட்டுக்கு இயந்திரங்கள் ஒத்துக்கொண்டனவா என்று கேட்க நினைத்தேன். காமராஜ் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மாலையில் வீட்டில் சபை கூடியது. ரூபி, "ராத்திரி டூட்டி பாக்குற புள்ளைய எவன் கட்டுவான்? யோசிச்சீங்களா அத்தான்?" என்றாள். அவளுக்கு இரண்டு பிரசவமும் விடியாத நேரத்தில் ஆனவை. அப்போது பக்கத்தில் இருந்த நர்சுகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று அவள் விசாரித்ததாக நினைவில்லை. உங்கள் தங்கைக்கு எந்த ஷிப்டும் சம்மதம், ஆனால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பெண் வீட்டில் இருக்க வேண்டும். நகராட்சித் தண்ணீர் எந்த ஷிப்டில் வருகிறது என்பது நகராட்சிக்கே தெரியாது. காமராஜ் மட்டும் இரவு டூட்டிதான் உத்தமம் என்றார். பகலில் சும்மா இருக்கும் வினோலியா அவர் மகனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாமாம். "பகலில் அவள் தூங்க வேண்டாமா?" என்றேன். "அட போங்க சார், சின்ன வயசுல என்ன தூக்கம் வேண்டிக்கிடக்கு" என்றவர், பேச்சு முடியுமுன் எங்கள் வீட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். சபையில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

வினோலியாவை யாரும் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்களுக்கு முறை தெரியும். அவள் அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டு, மெஹராஜ் சொன்னதை ரூபியிடம் இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். அவ்வளவுதான் பேசினாள்.

எனவே எல்லார் பேச்சையும் தள்ளிவிட்டு, பாரபட்சமில்லாமல் நான் முடிவு செய்தது இது. இரண்டு இடமும் வேண்டாம். மறுப்புக் கடிதங்கள் இரண்டும் எழுதி மேசைமேல் வைத்துவிட்டேன். காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்புகிற, ஞாயிறு பூசைக்குத் தடையில்லாத, நோயாளிகள் நேரம் தவறாமல் வந்து போகும் ஒழுங்கான மருத்துவமனை ஒன்று திருச்சியில் இருக்கக்கூடும். யோசனை சொன்ன வாயாலேயே அதையும் விசாரித்து எழுதவும். அதுவரை பெண் வீட்டில் இருப்பாள். இம்முடிவில் மாற்றமில்லை.

தங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். சர்வேசுரன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த யோசனைகளையும் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ராயப்பராஜ்

பின்குறிப்பு: மேலே கண்டதில் முடிவு என்று வரும் பகுதியை வாசிக்க வேண்டாம். திருச்சியிலும் விசாரிக்க வேண்டாம். இதைத் தபாலில் சேர்க்கச் சொல்லலாம் என்று வினோலியாவைத் தேடினேன், வீட்டில் இல்லை. கடைசியில் டாக்டர் ஈஸ்வரனின் நர்சிங் ஹோமில், வெள்ளைச் சேலையில், ஒரு கிழவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கக் கண்டேன். அந்த மெஹராஜைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவரத்தான் மதியம் போனாளாம். அந்தப் பெண் இவள் நர்ஸ் என்று தெரிந்ததும், எந்தக் கட்டிலுக்கு என்ன மருந்து என்று சொல்லி, மருந்து அலமாரிச் சாவியை இவள் கையில் வைத்துவிட்டு, கீழே ஒரு கட்டிலில் போய்ச் சாய்ந்துவிட்டாளாம். டாக்டர் மதியத் தூக்கம் முடிந்து வந்து பார்த்திருக்கிறார். வேலைக்குச் சேருகிறேன், ஆனால் மாற்ற ஆள் வராத நாளில் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போய்விடுவோம் என்று வினோலியா சொல்ல, மூன்றாவதாக ஒரு நர்சுக்கு இன்றே சொல்லி அனுப்பிவிட்டாராம். பார்த்துவரப் போனவர்கள் நாங்கள் நாலு பேர். மச்சான், பேசி முடித்தவள் அவள்.

"இது பகல் டூட்டியா, ராத்திரி டூட்டியாம்மா? ஒங்க அம்மாவுக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்து என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சத்தம் போடாதீங்கப்பா. மெஹராஜ் அக்கா எந்திரிக்கிற வரைக்கும் என் ஷிப்டு."