தந்தி சார்

ஒரு மாண்டலினைக் கண்டு ஒரு தெருவே நடுங்கியது என்றால் நம்புவீர்களா? உலகத்திலேயே அது எங்கள் தெருவில் மட்டும்தான் நடந்தது. மேற்குத் தாம்பரத்தில், தந்தி சார் குடியிருந்த தெருவில்.

பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், கல்யாணம் ஆகாதவர், எங்கள் எதிர்வீட்டு முன்போர்ஷனில் வாசம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாண்டலின் வாசிப்பார். ஊரெல்லாம் கம்பி என்று சொல்வதை இவர் மட்டும் தந்தி என்பார். "கம்பின்னா ஜன்னல்ல இருக்கும், ஜெயில்ல இருக்கும். மாண்டலின்ல இருக்கிறது தந்தி" என்று திருத்துவார். பெயர் வந்தது அப்படித்தான். நிஜப் பெயர் என்னவென்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

தந்தி வாங்கப் போவது அவருக்குப் பெண் பார்க்கப் போவது மாதிரி. ஒருமுறை எலெக்ட்ரிக் டிரெயினில் பாரிஸ் கார்னர் பக்கத்துக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் எடுத்துப் போட்ட சுருளைக் கன்னத்தில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடினார். "இது கத்தும்." அடுத்தது. "இது மெல்லிசு. விரல் நோகாது, ஆனா கொசுக் குரல்." அடுத்தது. "இது தடி. குரல் கனமா இருக்கும், ரெண்டு பாட்டுல விரல் கிழிஞ்சிடும்." கடைசியில் வெண்கலம் சுற்றிய நடுத்தரச் சுருள் ஒன்று வந்தது. அதைக் கன்னத்திலிருந்து ஐந்து நிமிஷம் எடுக்கவில்லை. "இது கதகதப்பா பேசும். கையையும் வருத்தாது."

"பேசுதா?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். நான் சாரோடு வராதவன் மாதிரி சுவரைப் பார்த்தேன்.

வினை ஆரம்பித்தது ஒரு சாயங்காலம். கடையில் சரக்கு இல்லை, ஆள் மூலம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சார், பக்கத்து வீட்டு ரயில்வே கார்டின் மனைவி ரோஸ்லின் அக்காவிடம் தெருவில் நின்றே கேட்டார். "அக்கா, தந்தி வந்துச்சா?"

அந்தக் காலத்தில் தந்தி வந்தால் சாவு வந்தது என்றுதான் அர்த்தம். பிரிப்பதற்கு முன்பே அழுதுவிடுவார்கள். அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு பெண்கள் கூடி, செத்தது யார் என்று தெரியாமலே அழுதார்கள். "மாண்டலின் தந்திம்மா" என்று சார் புரியவைக்க அரைமணி ஆனது. எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் பொட்டலம் வந்தது. சார் மாட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா வாசலில் தந்தி பியூனின் சைக்கிள் மணி அடித்தது. மாமனார் தவறிவிட்டார்.

தற்செயல் என்றோம். அடுத்த முறை சார் தந்தி மாற்றினார், மூலை வீட்டுக்குத் தந்தி வந்தது. அதற்கடுத்த முறை கிணற்று வீட்டுக்கு. பிறகு யாரும் தற்செயல் என்று சொல்லவில்லை.

இதெல்லாம் நடப்பது பட்டப்பகலில். நல்ல வெயிலில், எதிர்வீட்டிலிருந்து ஒற்றைத் தந்தியை முறுக்குகிற சத்தம் கிளம்பும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். இஸ்திரிப் பெட்டி நிற்கும், தையல் மெஷின் நிற்கும், ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். எட்டுத் தந்தியும் முடிந்ததும் ஒரு நிசப்தம் வரும். அந்த நிசப்தத்தில் தெரு முழுக்க சைக்கிளுக்குக் காத்திருக்கும்.

இதிலும் ஆதாயம் பார்த்தான் ஒருத்தன். பம்பாய் வேலைக்கு இன்டர்வியூ தந்தியை எதிர்பார்த்திருந்த பாஸ்கர், "சார், ஒரே ஒரு தரம் மாத்துங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். சார் மாற்றினார். தந்தி வந்தது, பாஸ்கருக்கேதான். செத்தது அவனுடைய சித்தப்பா.

அப்புறம் யுத்தம் வந்தது, எழுபத்தொன்று டிசம்பரில். என் அண்ணன் சாமுவேல் ராணுவத்தில், எல்லையில் இருந்தான். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தாம்பரம் விமானதளத்துச் சத்தம் கேட்டாலே அம்மா வாசலுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் அம்மா தெருவைத் தாண்டிப்போய் அவர் வாசலில் நின்றாள்.

"சார், என் பிள்ளை வர்ற வரைக்கும் தந்தி மாத்தாதீங்க."

"படிச்ச டீச்சர் நீங்களே இப்படிப் பேசலாமாம்மா?" என்று சிரித்தார். ஆனால் மாற்றவில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகும் சமயம். புதுச் சுருள் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் கிடக்க, துருப்பிடித்த தந்தியில் வாசித்தார். "என்ன சார், தகர டப்பா மாதிரி இருக்கே" என்றார் சர்ச் கொயர் மாஸ்டர். சார் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். விரலில் துணி சுற்றியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆபீஸ் அரைநாள், நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டில் 'டங்' என்று ஒரே ஒரு சத்தம். அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்தது. சார் வெளியே ஓடிவந்தார், முகத்தில் ரத்தமில்லை.

"நான் தொடலம்மா. சுவத்துல மாட்டியிருந்தது, தானா அறுந்துடுச்சு."

சைக்கிள் மணி கேட்டது.

தந்தி பியூன் ஏழுமலை தெருவின் நடுவில், எங்கள் வாசலுக்கும் அவர் வாசலுக்கும் இடையில் இறங்கி, காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் சோற்றுக் கையோடு நின்றேன். சார்தான் செருப்பில்லாமல் ஓடி அதைப் பிடுங்கினார். விலாசத்தைப் படித்தார். அப்புறம் அந்த மனுஷன் சிரித்தார். தெருவே கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு இல்லம்மா. எனக்குத்தான். எனக்குத்தான் வந்திருக்கு."

"இன்னா சார், பிரிச்சே பாக்கல, சிரிச்சிகினு கீறியே" என்றான் ஏழுமலை. "கையெழுத்துப் போடு."

கையெழுத்துப் போட்டார். பிறகு பிரித்தார். பாளையங்கோட்டையில் அவருடைய ஒரே அக்கா. படித்ததும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார், நானும் ஏழுமலையும்தான் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அண்ணன் ஜனவரியில் முழுசாக வந்து சேர்ந்தான். தந்திக்கும் தந்திக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயம். ஆனால் அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது. பிள்ளைகள் என்று நாங்கள் மூன்று பேர்தான். அதற்கப்புறம் அம்மா ஜெபத்தில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லும்போது, நாலு பெயர் சொல்லுவாள். நாலாவது, அந்தத் தந்தியின் விலாசத்தில் இருந்த பெயர்.