சீசனுக்குள் ஒரு தட்டாவது

துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டுப் பழக வீசிய களிமண் தட்டு புல்வெளிக்கு மேல் அழகாகப் பறந்தது. வெர்லின் சுட்டான். தட்டு அதே அழகோடு போய்ப் புல்லில் இறங்கியது.

"அதுக்கு வலிக்குமேன்னு பாக்குறியா?" என்றான் டுவேன். வெர்லினுக்குப் பெரியப்பா மகன். மேய்ச்சல் நிலம், மாடுகள், தட்டு வீசும் கை எல்லாம் அவனுடையவை.

"இன்னொண்ணு விடுண்ணே."

"ஊர்ல துப்பாக்கி கிளப் இருக்கே, அங்க மெஷினே வீசும். என் தோள்பட்டை போச்சுடா."

"அங்க கார்லாவோட தம்பி இருப்பான்."

கார்லா, வெர்லினின் மனைவி. ஃபெசன்ட் பறவை வேட்டையில் தன் குறி தவறியதே இல்லை என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லிவைத்திருந்தான். இந்த அக்டோபரில் சீசன் தொடங்கும் நாளில் தானும் கூட வருவதாக அவள் சொல்லிவிட்டாள். "சின்ன வயசுல சுட்டது. எல்லாம் மறந்துபோச்சு. நீதான் சொல்லிக் குடுக்கணும்" என்று வேறு.

அடுத்து சுட்டபோதும் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடுகள்தான் மிரண்டு வேலியைச் சாய்த்துக்கொண்டு ஓடின. இருட்டும்வரை அண்ணனும் தம்பியும் மாடு பிடித்தார்கள்.

வீட்டில் கார்லா அவன் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். "எங்க போய் விழுந்து வர்ற?"

"டுவேன் வீட்டு வேலி சாஞ்சிடுச்சு. அதான்."

பொய்யில்லை. சாய்த்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

"அடப்பாவமே! நாளைக்கு நானும் வர்றேன். மூணு பேரா முடிச்சிடலாம்."

மறுநாள் முழுதும் மூவரும் கம்பம் நட்டார்கள். புல்லில் ஆரஞ்சு நிறத் தட்டுகள் கீறல்கூட இல்லாமல் கிடந்தன. கார்லா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"மாட்டுக்கு உப்பு வைக்கிற தட்டு" என்றான் வெர்லின்.

டுவேனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"இவ்வளவு அழுக்காவா வைக்கிறது?" என்று அவள் எல்லாவற்றையும் பொறுக்கி, தண்ணீர்த் தொட்டியில் கழுவி, வரிசையாக உப்பு வைத்துவிட்டு வந்தாள். மாடுகள் கிட்டேயே வரவில்லை.

"இனிமே இந்தப் பக்கம் துப்பாக்கியோட வந்த, உன்னைத் தட்டுல வச்சு வீசிடுவேன்" என்றான் டுவேன்.

அதனால், தானியக் கிடங்கில் ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கிளப்பைத் தேடி வெர்லின் வெகுதூரம் போனான். ஒரு சுற்று, இருபத்தைந்து தட்டுகளுக்கு, சுட்டான். ஒரு தட்டு உடைந்தது. அதுவும் மெஷினிலிருந்து வரும்போதே உடைந்து வந்தது.

கணக்கு முடிக்கக் கார்டை நீட்டினான். கவுன்டரில் இருந்த பெண் லுவெல்லா அதிலிருந்த பெயரைப் படித்தாள்.

"ஹாகனா? கார்லா ஹாகன் உங்களுக்குச் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம். ஏன், அவ இங்க வர்றாளா?"

"போன வாரத்துலேர்ந்து தினம் வர்றா."

"பழகவா?" அவன் முகம் மலர்ந்தது. "எல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்லியிருக்கா."

"ஆமாங்க, பாவம். வீட்டுக்காரர் மனசு நோகக் கூடாதுன்னு குறி தவறிச் சுடப் பழகுறா. இன்னும் ஒண்ணுகூடத் தவற மாட்டேங்குது."