வடிவாம்பாளின் சுட்டுவிரல்

ஒரு காட்டில் நடந்ததாக, எங்கள் பள்ளியில் இசை கற்பித்த திரு. இன்பராஜ் எனக்கு முதலில் சொன்ன கதை இது. எந்தக் காடு என்று அவர் சொல்லவில்லை. கதை முடிந்தபின் அதைக் கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை.

அந்தக் காட்டு விலங்குகளுக்குக் கிதார் மோகம் பிடித்திருந்தது. மோகம் பிடித்தவுடன் சங்கம் அமைத்தன; சங்கம் அமைந்தவுடன் தேர்வு வைத்தன. தேர்வில் தேறிய கலைஞர்களுக்கு மட்டுமே மழைக்காலத்தில் மரப்பொந்து ஒதுக்கப்படும் என்று சிங்கராஜா ஆணையிட்டபின், இசையார்வம் காடெங்கும் கரைபுரண்டது.

வடிவாம்பாள் என்னும் தேவாங்குக்குப் பொந்து மிகவும் தேவைப்பட்டது. சென்ற மழை முழுவதும் கிளையில் நனைந்த அவளுடைய குட்டி, கோடை வந்த பின்னும் இருமிக்கொண்டிருந்தது. இன்னொரு மழையை அது தாங்காது. கிதார் அவளுக்கு நன்றாகவே வரும். ஆகவே விண்ணப்பித்தாள்.

மீட்டும் கையின் நிலையை மதிப்பிடும் பொறுப்பு நாரையாருடையது. அவருக்குக் கை கிடையாது. எனவே எந்தக் கைக்கும் சார்பாக நடக்கமாட்டார் என்று சங்கம் ஒருமனதாக நம்பியது. விதிகள் தெளிவானவை. பிக் எனப்படும் சிறு வில்லையைச் சுட்டுவிரலின் பக்கவாட்டில் கிடத்திப் பெருவிரலால் மெல்ல அழுத்த வேண்டும். அதன் முனை சிறிதளவே வெளியே தெரிய வேண்டும். முன்கை கிதாரின் மேல்விளிம்பில் சாய்ந்திருக்க, மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். நல்ல விதிகள்தாம், குறை சொல்வதற்கில்லை.

தேவாங்கின் சுட்டுவிரலோ பிறவியிலேயே ஒரு மொட்டளவுதான். அதனால் வடிவாம்பாள் பிக்கைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்தாள். தளர்ந்த மணிக்கட்டு தந்திகளின் மேல் சீராகப் போய்வந்தது. வெளியே வரிசையில் நின்ற மான்கள் அசைபோடுவதை நிறுத்தின.

நாரையார் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுட்டுவிரல் எங்கே அம்மா?”

“இதுதான் ஐயா. பிறந்ததிலிருந்தே இவ்வளவுதான்.”

“உங்கள் பிறப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. விரலைப் பற்றிக் கேட்டேன்.”

தேறவில்லை என்று அலகால் எழுதினார்.

சில நாளில் சிங்கராஜாவின் மகளுக்குத் திருமணம். வாசிக்க வேண்டிய கரடி, பந்தியில் முதலில் அமர்ந்து கடைசியில் எழ முயன்று, முடியாமல் அங்கேயே படுத்துவிட்டது. சங்கச் செயலாளரான மந்தி வேறு வழியின்றி வடிவாம்பாளை அழைத்துவந்தாள். அன்று அவள் வாசித்ததைக் கேட்டு மணமகன் தாலி கட்டவே மறந்தான் என்பார்கள்.

மறுநாள் காடு முழுவதும் அவள் கையை ஆராய்ந்தது. எத்தனை ஆண்டு பழகினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுட்டுவிரல் குறுக்கே வராததுதான் இனிமைக்குக் காரணம் என்று கரடி விளக்கியது. எல்லாருக்கும் அது விளங்கிவிட்டது. சங்கம் உடனே பாடத்திட்டத்தைத் திருத்தியது. இனிமேல் சுட்டுவிரலை உள்ளங்கையோடு சேர்த்துத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டுதான் மீட்ட வேண்டும். இதற்கு வடிவாம்பாள் முறை என்று பெயரும் சூட்டினார்கள். அணில்கள் கட்டுத்துணி விற்றுக் கொழுத்தன. கரடி பயிற்சி வகுப்பு தொடங்கியது. விரல் மரத்துப்போன விலங்குகள் ஒவ்வொன்றாகத் தேறிப் பொந்துகளில் குடியேறின.

மேகம் திரளத் தொடங்கியபோது வடிவாம்பாள் மீண்டும் தேர்வுக்கு வந்தாள். இம்முறை அவளுக்கு அச்சமே இல்லை.

நாரையார் அவள் கையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். “கட்டு எங்கே?”

“கட்டுவதற்கு விரல் வேண்டுமே ஐயா. அது இல்லாததால்தானே இந்த முறையே வந்தது? என் பெயரைத்தானே வைத்திருக்கிறீர்கள்?”

“அதனால்தான் அம்மா கண்டிப்பாக இருக்கிறேன். உங்களுக்குச் சலுகை காட்டினால், பெயரைப் பார்த்து மதிப்பெண் போட்டேன் என்று ஊர் பேசாதா?”

மீண்டும் தேறவில்லை.

அவள் வெளியே வந்து குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோது மந்தி அருகில் வந்தாள். நாரையாரிடம் வாதாடிப் பயனில்லை என்றும், தானே இருமுறை பேசிப்பார்த்து வாங்கிக்கட்டிக்கொண்டதாகவும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“கட்டுவதற்கு விரல் இல்லை என்பதுதானே அக்கா குறை? ஒன்றை வைத்துக்கொள்ளுங்களேன்.”

“விளையாடுகிறாயா?”

“நானா? பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு இதைக் கேளுங்கள்.”

வடிவாம்பாள் ஒரு குச்சியைச் சீவி, வேலம்பிசினால் தன் மொட்டு விரலில் ஒட்டி, நகம்கூட வரைந்தாள். பிறகு, இல்லாதிருந்து இப்போது உண்டாகிவிட்ட அந்த விரலை முறைப்படி மடக்கிக் கட்டினாள். மறுபடியும் தேர்வில் மீட்டியபோது குச்சி தந்திகளில் உரசியது. எலி தகரத்தைக் கொறிப்பது போன்ற ஓசை எழுந்தது. மான்கள் எழுந்து வேறிடம் சென்றன.

நாரையாரின் முகம் மலர்ந்தது. மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி அளித்து, ‘வடிவாம்பாள் முறையை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறார், கரடியாரிடம் பயின்றால் மேம்படலாம்’ என்று குறிப்பும் எழுதினார்.

ஒதுக்கப்பட்ட பொந்தின் வாய் சற்று அகலம். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டு சாரல் உள்ளே அடித்தது. வடிவாம்பாள் நாற்புறமும் பார்த்தாள். பிறகு கிதாரை எடுத்துப் பொந்தின் வாயில் குறுக்காக நிறுத்திக் கதவாக்கினாள். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. குட்டி இருமாமல் உறங்கியது.

நீதி: புதுவழி காண விரும்புவோர், அவ்வழியில் முதலில் தேர்ச்சி பெற்றுக்கொண்டு பின்னர் அதனைக் காண்பது நலம்.